மலையில்லாத மாவட்டத்தில் ஒரு பர்வதம்

இராமநாதபுரம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது "தண்ணியில்லாக் காடு" என்ற பட்டம்தான். அரசு ஊழியர்களைத் தண்டிக்க வேண்டுமென்றால் இங்கே மாற்றல் போடுவார்கள் என்று சினிமாவில்கூடக் கிண்டல் செய்வார்கள். தண்ணீர் கதையைப் பலர் எழுதியாகிவிட்டது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் இல்லாத இன்னொன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது மலை!

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்து ஏதாவது வரையச் சொல்லுங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஒரு ஆறு, ஒரு குடிசை. தமிழ்நாடு முழுக்க இதே படம்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இதையேதான் வரைகிறார்கள். பரமக்குடியிலிருந்து தனுஷ்கோடி வரை தேடினாலும் சூரியனை மறைக்கிற அளவுக்கு ஒரு மலை கிடைக்காது. எங்கள் சூரியன் பனை மரங்களுக்கு இடையில்தான் உதிக்கும், இல்லையென்றால் கடலிலிருந்து உதிக்கும்.

ஒரு காலத்தில் எங்களுக்கும் மலைகள் இருந்தன என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது. 1910ஆம் ஆண்டு மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டத்தை ஆங்கிலேய அரசு உருவாக்கியது. அன்றைய மாவட்டம் மிகப் பெரியது. மேற்கே திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை அதில் இருந்தது. சித்தர்கள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் சதுரகிரிக்குப் போகும் அடிவாரமும் அதில்தான். வடக்கே குன்றக்குடி இருந்தது. பாரி வள்ளலின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலையும் இருந்தது. 1985 மார்ச் 15ஆம் தேதி அந்தப் பெரிய மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். மேற்குப் பகுதி காமராசர் மாவட்டமானது (இன்றைய விருதுநகர்). வடக்குப் பகுதி பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டமானது (இன்றைய சிவகங்கை). அண்ணன் தம்பி பாகப் பிரிவினை மாதிரி மலைகள் எல்லாம் அந்த இரண்டு வீட்டுக்கும் போய்விட்டன. எங்கள் பங்குக்குக் கிடைத்தது கடலும் கண்மாய்களும்.

அப்படியானால் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போக வேண்டுமென்றால் இராமநாதபுரத்துக்காரர்கள் எங்கே போவது? இதற்கு எங்களிடம் ஒரே ஒரு பதில் உண்டு. இராமேஸ்வரம் தீவிலுள்ள கந்தமாதன பர்வதம்!

பெயரைக் கேட்டு யாரும் கயிறும் கைத்தடியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். அது ஒரு மணல் மேடு. தீவிலேயே உயரமான இடம் அதுதான் என்றாலும் மேடு மேடுதான். இராமநாதசுவாமி கோயிலிலிருந்து வடமேற்கே இரண்டு மூன்று கிலோமீட்டர். உச்சியில் இரண்டு தளமாகக் கட்டிய ஒரு மண்டபம், உள்ளே கல்லில் பாதச் சுவடு. ஊர்க்காரர்கள் யாரும் "பர்வதம்" என்று சொல்வதில்லை, "ராமர் பாதம்" என்றுதான் சொல்வார்கள். ஆட்டோக்காரரிடம் கந்தமாதன பர்வதம் என்று கேட்டால் ஒரு நொடி யோசித்துவிட்டு "ராமர் பாதமா?" என்று திருப்பிக் கேட்பார்.

ஆனால் பிள்ளைகளுக்கு அது மலைதான். என் அக்கா மகளுக்கு அப்போது நாலு வயது. கோயிலிலிருந்து நடந்தே போகலாம் என்று நான்தான் சொன்னேன். வழியில் சாட்சி அனுமார் கோயில் வருகிறது. சீதையைக் கண்டேன் என்று அனுமார் இராமருக்குச் செய்தி சொன்ன இடம் என்பது ஐதீகம். அங்கே உட்கார்ந்தோம். பிறகு சுக்ரீவ தீர்த்தம். அங்கேயும் உட்கார்ந்தோம். நாலு வயதுக் கால்களுக்கு இந்தத் தூரமே பெரிய யாத்திரை. படி ஏறும்போது "இன்னும் எவ்வளவு மாமா?" என்று ஐந்து தடவை கேட்டாள். மேலே போனதும் கோபுரத்தைப் பார்த்து "நம்ம கோயில் குட்டியாயிருச்சு" என்று ஒரு கூச்சல். கிழக்குக் கோபுரம் 126 அடி. அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த அதே கோபுரம் இங்கிருந்து உள்ளங்கைக்குள் அடங்குகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய பொருளை மேலேயிருந்து பார்க்கிற அனுபவம் அவளுக்கு. சமவெளியில் பிறந்த பிள்ளைகளுக்கு இது சாதாரண விஷயமில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஒரு மணல் மேட்டுக்குப் பர்வதம் என்ற பட்டம் எப்படி வந்தது?

கந்தம் என்றால் வாசனை. மாதனம் என்றால் மயக்குவது. வாசனையால் மயக்கும் மலை என்று பொருள். மகாபாரதத்தில் வரும் கந்தமாதனம் வடக்கே இமயமலைப் பக்கம் இருக்கிறது. வால்மீகி ராமாயணத்தில் கந்தமாதனன் என்ற பெயரில் ஒரு வானர வீரனே இருக்கிறான், குபேரனின் மகன் என்று சொல்லப்படுபவன். கடலைத் தாண்ட அனுமார் எழும்பிய மலையை வால்மீகி மகேந்திர மலை என்கிறார். பிறகு வந்த ஸ்காந்த புராணத்தின் சேது மாகாத்மியத்தில்தான் சேதுக்கரையில் கந்தமாதனம் என்ற மலை வருகிறது. நிரம்ப அழகிய தேசிகர் தமிழில் சேது புராணம் பாடினார். அதன் பிறகு இந்தப் பெயர் இங்கே ஆழமாக வேர் பிடித்துவிட்டது.

"இமயமலைப் பெயரை மணல் மேட்டுக்கு வைத்தது ஏமாற்று வேலை" என்று என் வகுப்பில் ஒருவன் வாதாடினான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசிக்குப் போக முடியாதவர்களுக்குத் தென்காசி உண்டானது, சிவகாசி உண்டானது. இமயத்தைப் பார்க்கவே வழியில்லாத நெய்தல் நிலத்து மக்கள் தங்களிடமிருந்த உயரமான இடத்துக்கு இமயத்தின் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஒரு பொருளுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதில் நம் ஏக்கமும் தெரிந்துவிடும் அல்லவா?

மகாபாரதத்தின் வன பர்வத்தில் இந்த மலையேற்றம் விரிவாக வருகிறது. அர்ச்சுனன் ஆயுதம் பெறப் போயிருக்கிறான். மற்ற நான்கு பேரும் திரௌபதியோடு கந்தமாதனம் ஏறுகிறார்கள். நடுவழியில் பயங்கரமான காற்று, புழுதி, மழை. திரௌபதி நடக்க முடியாமல் மயங்கி விழுகிறாள். உடனே பீமன் தன் மகன் கடோத்கசனை நினைக்கிறான். அவன் தன் கூட்டத்தோடு வந்து எல்லோரையும் தூக்கிக்கொண்டு போகிறான். யோசித்துப் பாருங்கள், குடும்பத்தோடு மலையேறப் போனால் நடக்கும் எல்லாம் இதில் இருக்கிறது! ஒருவர் களைத்துப் போவார், வானிலை மாறும், கடைசியில் யாராவது யாரையாவது தூக்கித்தான் ஆக வேண்டும். வழக்கமாக அப்பா பிள்ளையைத் தூக்குவார், இங்கே பிள்ளை பெரியவர்களைத் தூக்குகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இராமேஸ்வரத்துக்கு வந்த பழைய யாத்திரிகர்களில் ஒரு பெரும் பகுதியினர் பிள்ளையோடு வந்தவர்கள் அல்ல, பிள்ளை வேண்டி வந்தவர்கள். சேதுவில் நீராடினால் பிள்ளைப்பேறு கிடைக்கும் என்ற நம்பிக்கை இந்தியா முழுக்க உண்டு. நாகப் பிரதிஷ்டை செய்வதற்காக இன்றும் எத்தனையோ தம்பதிகள் வருகிறார்கள். ஆக, இந்த மணல் மேட்டின் மேல் ஏறி நின்ற பாதங்களில் எத்தனையோ ஒரு குழந்தையைக் கேட்டு வந்த பாதங்கள். இன்று தோளில் குழந்தையைச் சுமந்துகொண்டு ஏறுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

அன்றைய பயணம் லேசானதில்லை. வழியில் கள்ளர் பயம், தண்ணீர்ப் பஞ்சம், காலரா. சேது வழியில் யாத்திரிகர்களைக் காப்பதற்காகவே 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக்கினார் என்று வரலாறு சொல்கிறது. சேதுபதிகள் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். தஞ்சை மராட்டிய மன்னர்களும் கட்டினார்கள்.

இங்கே ஒரு செய்தியை அவசியம் சொல்ல வேண்டும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801ஆம் ஆண்டு ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இராமேஸ்வரம் போகும் வழியிலுள்ள சத்திரங்களில் என்னென்ன தர்மம் நடக்கிறது என்று அதில் விவரிக்கிறார். அன்னதானம் இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம், இருக்கிறது. அதோடு கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுப்பதும் இருக்கிறது. கர்ப்பிணிகளைக் கவனிப்பது, சத்திரத்திலேயே பிரசவமானால் செலவையும் மருந்தையும் ஏற்றுக்கொண்டு பிறகும் தங்க இடம் கொடுப்பது, வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைப்பது எல்லாம் இருக்கிறது. இதை முதலில் படித்தபோது தர்மத்தின் பெருமைதான் எனக்குத் தெரிந்தது. மறுபடி படித்தபோது வேறொன்று உறைத்தது. இந்த ஏற்பாடுகள் எல்லாம் தேவைப்பட்டன என்றால், பச்சைக் குழந்தைகளோடும் நிறைமாத வயிற்றோடும் பெண்கள் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள். பெற்றோர் இறந்துபோய் அநாதையாக நின்ற பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். ராஜாக்களின் கல்வெட்டைவிட இந்தப் பால் கணக்கு அந்தக் காலத்து யாத்திரையை நன்றாகக் காட்டுகிறது என்பது என் கருத்து.

இந்த நிலைமை மாறியது 1914இல். அந்த ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை படகில் கடந்த நீரிணையை ரயிலில் கடந்தார்கள். சென்னையில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியையும் அந்த ரயில் பாதையையும் அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்குள் போனது. பாம்பன் பாலத்தைச் சீக்கிரமே சரி செய்துவிட்டார்கள், தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை. 1988 அக்டோபர் 2ஆம் தேதி சாலைப் பாலம் திறந்த பிறகுதான் பஸ்ஸும் காரும் வேனும் நேராகத் தீவுக்குள் வந்தன. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. தூக்குப் பாலம் நேராக மேலே எழும்பும்படி அமைத்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டது.

தேதிகளை இப்படி அடுக்குவதற்குக் காரணம் உண்டு. காலையில் இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளையோடு வேனில் ஏறி, கடலில் குளித்து, ராமர் பாதம் ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற "ஒரு நாள் டூர்" எங்கள் பக்கத்தில் எவ்வளவு புதிய விஷயம் என்பதை இவை காட்டுகின்றன. எங்கள் தாத்தா காலத்துக்காரர்கள் இராமேஸ்வரம் போவதை "யாத்திரை" என்றுதான் சொல்வார்கள். "டூர்" என்ற வார்த்தை சாலைப் பாலத்தோடு வந்தது என்று நினைக்கிறேன்.

இந்த மேட்டின் மேல் நின்று தென்கிழக்கே பார்த்தால் அந்தத் திசையில்தான் இலங்கை. இராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது தல வரலாறு. நம் கண்ணுக்குக் கடல்தான் தெரியும். ஆனால் எங்கள் மாவட்டத்து ஏழை ஜனங்கள் இந்தத் திசையைப் பார்த்த பார்வைக்கு வேறு அர்த்தம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் வந்தபோது, பஞ்சம் பிழைக்க இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் கடல் தாண்டினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடை. காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காப்பிக்குப் பருவ வேலைதான், அதனால் பெரும்பாலும் ஆண்களே போனார்கள். 1869இல் இலை நோய் வந்து காப்பி அழிய, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். ஆக, குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பின்னால் மண்டபத்தில் முகாம் வைத்து, சில நாள் தங்க வைத்து மருத்துவச் சோதனை செய்து அனுப்பினார்கள். வாழ்நாளில் ஒரு குன்றைக்கூடப் பார்த்திராத சமவெளிப் பிள்ளைகள் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக மலையேறியது இப்படித்தான். அதற்குப் பெயர் டூர் அல்ல.

அங்கேயும் உச்சியில் பாதச் சுவடு உள்ள ஒரு மலை இருக்கிறது. சிவனொளிபாத மலை, 2,243 மீட்டர். சிவன் பாதம் என்றும் புத்தர் பாதம் என்றும் ஆதம் பாதம் என்றும் எல்லா மதத்தாரும் கும்பிடுகிற மலை. தோட்டத்து மக்கள் பிள்ளைகளோடு இரவில் ஏறி விடியலில் சூரிய உதயம் பார்ப்பார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலட்சக்கணக்கானோர் தாயகம் திரும்ப வேண்டியதாயிற்று. தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்து இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு இந்த மணல் மேட்டைக் காட்டிப் பர்வதம் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்கள் தாத்தா பாட்டி ஏறியிராத மலையை அவர்கள் ஏறியிருந்தார்கள், அவர்கள் தாத்தா பாட்டி விட்டுப்போன வெயிலில் வந்து இறங்கினார்கள்.

சரி, மறுபடி நம் மேட்டுக்கே வருவோம். மணல் மேடு என்று இளக்காரமாகச் சொல்லிவிட்டேன், அதன் வேலையையும் சொல்ல வேண்டும். இராமேஸ்வரம் தீவின் அடியில் பவளப் பாறையும் சுண்ணாம்புப் படிவமும் இருக்கின்றன, மேலே மணல். கச்சானும் வாடையும் மாறி மாறி அடித்து மணலைக் குவிக்கின்றன. வெறும் மணல் நிற்காது, காற்று வந்தால் நகர்ந்துவிடும். அதைப் பிடித்து வைப்பவை கடற்கரைச் செடிகள். ஆட்டுக் குளம்பு போல இலையுள்ள அடும்பங்கொடி அதில் ஒன்று. இன்னொன்று இராவணன் மீசை! ஊசி ஊசியாகக் குத்தும் ஒரு புல். அதன் காய்ந்த கதிர்கள் உருண்டையாக முள்ளம்பன்றி போல இருக்கும், காற்றில் மணல் மேல் உருண்டு ஓடும். பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். இராமர் பாதம் பதிந்த தீவின் மணலை இராவணன் மீசை கட்டிக் காக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மணல் மேடு ஒரு தண்ணீர்த் தொட்டியும்கூட. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது என்பதுதான் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கு. சுற்றிலும் கடல் இருந்தும் தீவில் இத்தனை தீர்த்தங்கள், கோயிலுக்குள் மட்டும் 22, எப்படி வந்தன என்பதற்கு விடை இந்த மணலில்தான் இருக்கிறது. கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். மேட்டை வெட்டி ஒரு அடி நீரைக் குறைத்தால் அடியில் நாற்பது அடி உப்பாகிவிடும்.

தீவில் விடுதிகள் பெருகிக்கொண்டே போகின்றன. ஆளாளுக்கு ஆழ்துளைக் கிணறு. மணலோ கட்டடத்துக்கு வேண்டிய பொருள். 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல் மேடுகளையும் முதல் வகையில், அதாவது தொடக் கூடாத இடங்களில் சேர்த்தது. ஆனால் சட்டம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த ஒரு மேட்டை அதன் பெயர் காப்பாற்றி வந்திருக்கிறது. பர்வதத்தை யாராவது லாரியில் அள்ளுவார்களா? பெயரில்லாத மேடுகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் ஏறுங்கள், இல்லையென்றால் மாலை நான்கரைக்கு மேல். நடுப்பகலில் போனால் செருப்பைக் கழற்றியதும் கால் பொசுங்கும், பிள்ளை இடுப்பை விட்டு இறங்காது. தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போய்விடுங்கள். கோடையில் வழியில் நுங்கு விற்றால் விடாதீர்கள். மேலே போனதும் தொலைக்காட்சிக் கோபுரம் கண்ணில் படும். 1995இல் கட்டி முடித்தது, 323 மீட்டர் உயரம், இந்தியாவிலேயே உயரமான தொலைக்காட்சிக் கோபுரம். மலையைவிடக் கோபுரம் ஏன் பெரிதாக இருக்கிறது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். என் அக்கா மகளும் கேட்டாள். "அது மனுஷன் கட்டினது" என்றேன். "அப்ப இது யாரு கட்டினது?" என்றாள். காற்று என்று சொன்னேன், அவள் நம்பவில்லை.